மூணு மாத்திரைக்கும் இறங்காத பிரஷர்

ஆசிரியருக்கு வணக்கம்.

வருஷா வருஷம் மே 17 உலக ரத்த அழுத்த தினம் வந்தா உங்க பேப்பர்ல ஒரு கட்டுரை தவறாம வந்துடுது, உப்பைக் குறைங்க, தினமும் நடங்க, டென்ஷன் ஆகாதீங்கன்னு. தப்புன்னு சொல்ல வரல, முக்காவாசி பேருக்கு அதுவும் ஒண்ணு ரெண்டு மாத்திரையுமே போதும். ஆனா அத்தனையும் ஒழுங்கா செஞ்சும் பிரஷர் இறங்காதவங்க என்ன பண்றதுன்னு ஒரு வரி கூட வர்றதில்லையே, அதான் எழுதுறேன்.

என் தம்பிக்கு 34 வயசுலயே பிரஷர். தலைவலி, கிறுகிறுப்பு ஒண்ணும் கிடையாது, வேற எதுக்கோ போன இடத்துல தற்செயலா பாத்ததுதான். ஒரு மாத்திரை ரெண்டாச்சு, ரெண்டு மூணாச்சு, மூணாவது நீர் பிரியறதுக்கான மாத்திரை, அப்பவும் 160/100க்கு கீழ வரல, செக்கப் போகும்போதெல்லாம் "மாத்திரைய விட்டுட்டீங்களா, உப்பு ஜாஸ்தி போட்டுக்கிறீங்களா"ன்னு திட்டு வாங்கிட்டு வருவான். ஒரு நாள் கூட விட்டதில்ல அவன். நாங்களே அவனை சந்தேகப்பட்டோம், இப்ப நினைச்சா வெட்கமா இருக்கு.

ரெண்டு வருஷம் கழிச்சுதான் ஒரு ஸ்பெஷலிஸ்ட்கிட்ட போனோம். அந்த டாக்டரம்மா மருந்துச் சீட்டைத் தொடவே இல்ல, முதல்ல பிரஷரை எப்படி பாக்குறீங்கன்னு கேட்டாங்க. அஞ்சு நிமிஷம் சும்மா உக்காரணும், முதுகு சாஞ்சிருக்கணும், பாதம் தரையில படணும், கை நெஞ்சு மட்டத்துல இருக்கணும், வாயைத் திறக்கக்கூடாது. கையில சுத்துற பட்டை சின்னதா இருந்தா அதுவே கூட்டிக் காட்டுமாம். ஆஸ்பத்திரி வாசலை மிதிச்சாலே ஏறுற ஆளா இவன்னு தெரிஞ்சுக்க 24 மணி நேர மெஷினைக் கட்டிவிட்டாங்க, அதுலயும் ஜாஸ்தியாவே இருந்துச்சு. அப்புறம் கேள்வி மேல கேள்வி, குறட்டை விடுவியா, வலி மாத்திரை அடிக்கடி போடுவியா, மூக்கடைப்புக்கு ஏதாவது, அதிமதுரம் ஏதாவது? இபுப்ரோஃபென் மாதிரி வலி மாத்திரையே பிரஷரை ஏத்தும்னு எங்க வீட்ல ஒருத்தருக்கும் தெரியாது.

ரத்தத்துல பொட்டாசியம் கம்மியா இருந்துச்சு. அதை வச்சு அல்டோஸ்டிரோன், ரெனின்னு ரெண்டு டெஸ்ட், உடம்புல உப்பையும் பிரஷரையும் கட்டுப்படுத்துற ரெண்டு சுரப்போட அளவைப் பாக்குறது. கிட்னிக்கு மேல தொப்பி மாதிரி உக்காந்திருக்கிற அட்ரினல் சுரப்பி அந்த அல்டோஸ்டிரோனை அளவுக்கு மீறி சுரந்தா உடம்பு உப்பைப் பிடிச்சு வச்சுக்கும், பொட்டாசியத்தை வெளிய தள்ளிடும், பிரஷரும் ஏறிடும். இது ஒண்ணும் நேத்து கண்டுபிடிச்ச வியாதி இல்ல சார், ஜெரோம் கான்ங்கிற டாக்டர் 1955லயே சொல்லிட்டார். ஒரு பக்க சுரப்பி மட்டும்னா ஆபரேஷன் பண்ணி எடுக்கலாம், தம்பிக்கு ரெண்டு பக்கமுமே, அதனால அந்த அல்டோஸ்டிரோன் வேலையைத் தடுக்கிற ஸ்பைரோனோலாக்டோன் மாத்திரை. கொஞ்சம் கொஞ்சமா இறங்கி இப்ப 130/80 கிட்ட நிக்குது, பழைய மூணுல ஒண்ணை நிறுத்தியும் ஆச்சு.

நீர் மாத்திரையும் சேர்த்து மூணு வகை மருந்து முழு அளவுல ஒழுங்கா போட்டும் 140/90க்கு மேலயே நின்னா, சின்ன வயசுலயே வந்தா, வயசான காலத்துல திடீர்னு எகிறினா, பொட்டாசியம் குறைஞ்சா, நாலாவது மாத்திரைக்கு முன்னாடி "ஏன் இறங்கல"ன்னு டாக்டர்கிட்ட நாமளே கேக்கணும். கிட்னி டாக்டரோ ஹார்மோன் டாக்டரோ இதய டாக்டரோ, யார்கிட்ட போகணும்னு அவரையே எழுதித் தரச் சொல்லலாம், கோவிச்சுக்க மாட்டாங்க. ஆனா 180/120ஐத் தாண்டி நெஞ்சு வலி, பேச்சு குழறல், கை கால் விழறதுன்னு வந்தா ஸ்பெஷலிஸ்ட் அப்பாயின்ட்மென்டுக்கு காத்திருக்காதீங்க, நேரா எமர்ஜென்சிதான்.

அடுத்த மே மாசக் கட்டுரையில உப்பு, நடைக்கு நடுவுல இதுக்கும் ஒரு பத்தி இடம் ஒதுக்குங்க சார்.

இப்படிக்கு,
உங்கள் வாசகர்