மார்கழிக் குளிரும் மீனின் கண்ணும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பனிக்காலத்தில் குளத்து மீன்களுக்குத் தீவனத்தைக் குறைக்க வேண்டும் என்று தங்கள் நாளிதழின் வேளாண் பக்கத்தில் அண்மையில் வந்த குறிப்பு பயனுள்ளது. நீர் குளிர்ந்தால் மீனுக்குச் செரிமானம் மந்தமாகும் என்ற காரணத்தையும் அது சரியாகவே சொல்லியிருந்தது. ஆனால் எவ்வளவு போடுவது என்பதோடு எப்போது போடுவது என்பதும் சேர்ந்ததுதான் தீவனக் கணக்கு. அந்த இரண்டாவது கேள்வியில் மீனின் கண்ணையும் கருத வேண்டும் என்பதால் இதை எழுதுகிறேன்.

ஒரத்தநாடு பக்கம் இரண்டு குளங்களில் மீன் வளர்க்கிறேன். ஒன்றில் கட்லா, ரோகு, மிர்கால், மற்றொன்றில் விரால். சென்ற மார்கழியில் ஒரு நாள் காலை ஆறரை மணிக்கு, எதிர்க்கரை தெரியாத பனிமூட்டத்தில், விரால் குளத்தில் மிதவைத் தீவனம் இறைத்தேன். நீரில் வெப்பமானி 23 டிகிரி காட்டியது. மேலே வந்த ஒன்றிரண்டு மீன்களும், தீவனம் அலையில் நகர்ந்துவிட்ட பிறகு, அது முன்பு கிடந்த இடத்தில் வாயைத் திறந்து மூடின. மிச்சமெல்லாம் ஊறிப்போய்க் காற்றுக்கு ஒதுங்கி, ஆகாயத்தாமரையின் ஓரத்தில் சேர்ந்தது. வெயில் ஏறிப் பத்தரை மணிக்கு நீர் 26 டிகிரியைத் தொட்டபோது அதே தீவனத்தை இறைத்தேன். கரையோர நீர் கொப்பளித்தது.

நம் கண் எந்தக் குளிரிலும் ஏறத்தாழ உடற்சூட்டிலேயே இருக்கிறது. மீனின் கண்ணோ நீரின் சூட்டில்தான் வேலை செய்ய வேண்டும். விழித்திரையில் பட்ட ஒளி நரம்புச் செய்தியாக மாறுவது வேதிவினைகளின் தொடர் என்பதால், நீர் குளிரக் குளிர அத்தொடர் மெதுவாகிறது. அசையாத பொருள் தெரிந்தாலும் விரைந்து நகரும் பொருள் குழம்பித் தெரிகிறது. இதற்கு நல்ல சான்று ஆழ்கடல் வாள்மீன். குளிர்ந்த ஆழத்தில் கணவாயை வேட்டையாடும் அம்மீன், கண்ணை அசைக்கும் தசையொன்றின் பகுதியையே அடுப்பாக்கி, கண்ணையும் மூளையையும் சுற்றுநீரைவிட 10 முதல் 15 டிகிரி வரை கூடுதல் சூட்டில் வைத்துக்கொள்கிறது. அச்சூட்டினால் வேகமான அசைவைப் பிரித்தறியும் திறன் பத்து மடங்குக்கு மேலும் உயரக்கூடும் என்று 2005-இல் வெளியான ஆய்வு காட்டியது.

நம் விராலுக்கு அந்த அடுப்பு இல்லை. மூன்று டிகிரி வேறுபாடு வாள்மீன் கணக்கில் சிறியதுதான். ஆனால் மங்கலான வெளிச்சமும் கண்ணின் வேகத்தைக் குறைக்கும். குளிர், பனிமூட்டம் இரண்டும் ஒன்றுசேரும் நேரத்தில் நாம் தீவனத்தைக் கொட்டுகிறோம். அடிமண்ணைத் துழாவித் தின்னும் மிர்காலுக்கு இது அவ்வளவு பெரிதில்லை. அசைவதைக் கண்டு பாயும் விராலுக்கு இது பெரிது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். மீனின் கண்ணில் வெள்ளை படர்ந்தால், "பனி அடிச்சு கண்ணு பூத்துப்போச்சு" என்று சொல்லிவிட்டுச் சும்மா இருந்துவிடுகிறோம். கண் வில்லை (லென்ஸ்) குளிரில் மங்குவது உண்மைதான். மாட்டின் வில்லை 20 டிகிரி அளவிலேயே மங்கி, சூடேறியதும் தெளியும். வெப்பமண்டலக் கடல்மீன் ஒன்றின் வில்லை 7 டிகிரியில்தான் மங்கியது. அண்டார்டிகாவின் பல்மீனுக்கோ உறைநிலைக்குக் கீழான கடல்நீரிலும் வில்லை பளிங்கு போல இருக்கிறது. டெல்டாக் குளம் எந்த மார்கழியிலும் 7 டிகிரிக்கு இறங்குவதில்லை. ஆகவே பூத்த கண் காயமாகவோ, தொற்றாகவோ, நத்தை வழியே வரும் ஒட்டுண்ணியாகவோ இருக்கலாம். பனி மேல் பழியைப் போட்டுச் சிகிச்சையைத் தள்ளிப்போடுவது குளத்தையே காலி செய்துவிடும்.

தீவன மூட்டைகளில் "காலை 6 மணி" என்று ஆண்டு முழுவதற்கும் ஒரே நேரம் அச்சிடுவதை மாற்றி, மார்கழி, தை மாதங்களுக்கு வெயில் ஏறிய பின் என்று தனியே குறிப்பிட வேண்டும். நாகப்பட்டினத்தில் இயங்கும் மீன்வளப் பல்கலைக்கழகமும் மீன்வளத் துறையும், காரணத்தோடு கூடிய ஒரு பக்கக் குறிப்பைத் தமிழில் ஐப்பசிக்குள் வெளியிட்டால், அடுத்த பனிக்கு முன்பே அது எங்கள் கையில் இருக்கும். கூடவே குளத்துக்கு ஒரு வெப்பமானியும் மானியத்தில் கிடைக்கச் செய்ய வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
விரால் வளர்ப்போர் ஒருவர்,
ஒரத்தநாடு வட்டம், தஞ்சாவூர் மாவட்டம்.