பிரியாணிக்குப் போன பணம் எது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். எங்கள் ஊர் அரிமா (லயன்ஸ்) சங்கத்தின் பொன்விழாவையொட்டிச் சென்ற ஞாயிறு இணைப்பில் தாங்கள் வெளியிட்ட கட்டுரையைப் படித்தோம். ‘ஊரெல்லாம் வசூல் செய்கிறார்கள், பாதி பேனருக்கும் பிரியாணிக்கும் போய்விடுகிறது’ என்று அதில் ஒரு வரி. இரண்டு பத்தி தாண்டினால் அதே சங்கம் ‘ரோட்டரி’ ஆகிவிடுகிறது. அரிமா வேறு, சுழற்சங்கம் (ரோட்டரி) வேறு என்பது தாங்கள் அறியாததல்ல. 1905-இல் பால் ஹாரிஸ் சிகாகோவில் தொடங்கியது ரோட்டரி. அதே சிகாகோவில் 1917-இல் மெல்வின் ஜோன்ஸ் முன்னின்று தொடங்கியது லயன்ஸ். ஊர் ஒன்றுதானே, சங்கமும் ஒன்றாகத்தான் இருக்கும் என்று தங்கள் நிருபர் நினைத்திருந்தால் அதை மன்னித்துவிடலாம்.

பிரியாணியைத்தான் மன்னிக்க முடியவில்லை.

அரிமா சங்கத்துக்கு இரண்டு கணக்குகள். நிர்வாகக் கணக்கில் உறுப்பினர் சந்தாவும் கூட்டத்தில் போடும் அபராதமும் சேரும். மண்டப வாடகை, கூட்டச் சாப்பாடு, மாவட்டச் சந்தா, பதவியேற்பு விழாவின் மாலை, பேனர் எல்லாம் இதிலிருந்துதான். (பேட்ஜ் குத்தாமல் வந்தவருக்கு அபராதம் போட ‘டெயில் ட்விஸ்டர்’ என்று ஒரு பதவியே உண்டு. அவருக்கே அபராதம் போட வேண்டுமானால் கூட்டத்துக்கு வந்திருக்கும் அத்தனை பேரும் சம்மதிக்க வேண்டும். உறுப்பினர் அல்லாதவருக்குப் போட முடியாது. தங்கள் நிருபர் தப்பித்தார்.)

சேவைக் கணக்கு தனி. ஆண்டு மலர் விளம்பரம், கச்சேரி டிக்கெட், உண்டியல் என்று பொதுமக்களிடமிருந்து வந்த பணம் பொதுமக்களுக்கே திரும்ப வேண்டும் என்பது சர்வதேச லயன்ஸ் அமைப்பின் விதி. அந்த நிகழ்ச்சிக்கே ஆன நேரடிச் செலவை, அதாவது டிக்கெட் அச்சுக்கூலி, மைக் செட் வாடகை போன்றவற்றை மட்டும் கழித்துக்கொள்ளலாம். மிச்சத்திலிருந்து ஒரு ரூபாயைக்கூட நிர்வாகக் கணக்குக்கு நகர்த்தக் கூடாது. பாஸ்புக் இரண்டு, வவுச்சர் கோப்பு இரண்டு. எழுதுவதற்கு முன் பொருளாளரிடம் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தால் இரண்டையும் எடுத்துக் காட்டியிருப்பார். டீயும் நிர்வாகக் கணக்கிலிருந்தே வந்திருக்கும்.

‘ஊரெல்லாம் வசூல்’ என்ற சொல்லைப் பற்றியும் ஒன்று. முன்பெல்லாம் தியேட்டரில் நிதியுதவிக் காட்சி, மெல்லிசைக் கச்சேரி, குலுக்கல் சீட்டு என்று பணம் திரட்டினார்கள். 2003-இல் தமிழ்நாட்டில் லாட்டரிக்குத் தடை வந்த பிறகு குலுக்கல் சீட்டுப் புத்தகம் அச்சடிக்க எந்தச் செயலாளரும் துணிவதில்லை. மிஞ்சியது ஆண்டு மலர். விளம்பரம் கேட்டுப் போனால் கடைக்காரர் நன்கொடைக்கு வருமான வரிச்சலுகை தரும் 80ஜி ரசீது கேட்பார். விளம்பரம் நன்கொடை ஆகாது, அதை அவர் வியாபாரச் செலவில்தான் எழுத வேண்டும். சரி, நன்கொடையாகவே தருகிறேன் என்று 5,000 ரூபாயை நோட்டாக எடுத்து நீட்டுவார். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் வரிச்சலுகை இல்லை. காசோலையாகக் கொடுங்கள், பான் எண்ணும் வேண்டும் என்றதும் ‘அடுத்த வாரம் வாங்க’ என்பார். அந்த அடுத்த வாரம் எப்போது வரும் என்பதை விளம்பரப் பிரிவு வைத்து நடத்தும் தங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

கண் சிகிச்சை முகாமையும் ‘ரிப்பன் வெட்டும் விழா’ என்று எழுதியிருக்கிறீர்கள். 1925-இல் ஒஹையோவில் நடந்த லயன்ஸ் மாநாட்டுக்கு வந்து, பார்வையற்றோருக்காகப் பாடுபடுங்கள் என்று கேட்டவர் ஹெலன் கெல்லர். அன்று கையில் எடுத்த வேலை இது.

முகாமுக்கு முதல் தேவை நீளமான இடம். பார்வை அட்டையை 6 மீட்டர் தள்ளி நின்று படிக்க வேண்டும். சிறிய வகுப்பறை போதாது, கூடமோ வராண்டாவோ வேண்டும். டாக்டர் டார்ச் அடித்துப் பார்க்க ஓர் இருட்டறையும் வேண்டும். பதிவு, பார்வை அளவு, கண் அழுத்தம், கண்ணீர்ப்பை அடைப்பு, ரத்த அழுத்தம், சர்க்கரை, கடைசியாக டாக்டர். கண்ணீர்ப்பையில் சீழ் இருந்தால் கண்புரை அறுவைக்கு அனுப்ப மாட்டார்கள், அந்தக் கிருமி உள்ளே போனால் கண்ணே போய்விடும். முன்காலத்தில் பள்ளிக்கூடக் கூடத்திலேயே அறுவை செய்தார்கள். தொற்று அபாயத்தால் அது நின்று, இப்போது தேர்வானவர்களை அன்று மாலையே பஸ்ஸில் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போய், லென்ஸ் வைத்து, திரும்பக் கொண்டுவந்து விடுகிறார்கள். ஒரு மாதம் கழித்து மறுபரிசோதனை. ஆம், முகாமில் சாப்பாடு போடுகிறோம். காலை 7 மணியிலிருந்து வரிசையில் நிற்கும் சர்க்கரைக்காரருக்குப் பசி தாங்காது. தயிர் சாதம், ஊறுகாய்.

பணம் வீணாகும் இடம் வேறு இருக்கிறது. அதைத் தங்கள் நிருபர் கேட்டிருந்தால் தலை குனிந்து பதில் சொல்லியிருப்போம். பள்ளிக்கூடத்துக்குக் குடிநீர் சுத்திகரிக்கும் ஆர்.ஓ. இயந்திரம் கொடுத்தோம், கல்வெட்டும் வைத்தோம். போர் தண்ணீரின் உப்பு மெம்பிரேனில் (உப்பை வடிகட்டும் சவ்வில்) படியாமலிருக்க மருந்து கலக்க வேண்டும், முன்வடிகட்டியைச் சில மாதங்களுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும், மெம்பிரேனே இரண்டு மூன்று வருடம்தான். இதற்கெல்லாம் பணம் ஒதுக்காமல் கொடுத்தது எங்கள் தவறு. ஜூலை 1-ஆம் தேதி புதுத் தலைவர் வருகிறார், அவருக்குப் புதுத் திட்டம், புதுக் கல்வெட்டு. பழைய இயந்திரம் மூலையில் தூசி படிந்து நிற்கிறது. தாங்களும் திறப்பு விழாப் படத்தைத்தான் கேட்டு வாங்குகிறீர்கள். மெம்பிரேன் மாற்றிய படத்தை அனுப்பினால் ‘இடமில்லை’ என்று பதில் வருகிறது.

இடமில்லை என்பதிலிருந்துதான் என் கோரிக்கை. ஒவ்வொரு முகாமுக்கும் பத்து நாள் முன்பே செய்திக் குறிப்பு அனுப்புகிறோம். போனமுறை முகாம் ஞாயிற்றுக்கிழமை நடந்தது, அறிவிப்பு திங்கட்கிழமை இதழில் வந்தது. அதற்கு முந்தைய முறை சனிக்கிழமையே வந்தது, நன்றி. குத்துவிளக்கு ஏற்றுபவரின் இனிஷியல்கூட விடுபடவில்லை. கடைசி நான்கு வரி மட்டும் வெட்டுப்பட்டிருந்தது. மாற்றுத்துணி, வழக்கமாகச் சாப்பிடும் மாத்திரைகள், ஆதார் நகல், வீட்டில் சொல்லிவிட்டு வருதல்: அந்த வரிகளில் இருந்தது இவ்வளவுதான். அது தெரியாமல் கட்டிய சேலையோடு வந்த பாட்டி, புரை முற்றிவிட்டது என்று டாக்டர் சொன்ன பிறகும் பஸ் ஏற மாட்டார். ‘மகனிடம் சொல்லவில்லை, அடுத்த முகாமுக்கு வருகிறேன்’ என்று கிளம்பிவிடுவார். புரை முற்றிப்போனால் கண் அழுத்தம் ஏறி நரம்பு கெடலாம். அதன் பிறகு லென்ஸ் வைத்தும் பார்வை திரும்பாது.

ஆகவே, அடுத்த முகாம் அறிவிப்பை வெள்ளிக்கிழமைக்குள் வெளியிடுங்கள். இடம் போதாவிட்டால் எங்கள் தலைவர், செயலாளர், பொருளாளர் பெயர்களை வெட்டிக்கொள்ளுங்கள். கடைசி நான்கு வரியில் மட்டும் கை வைக்காதீர்கள். ‘ரோட்டரி’ என்பதற்கு ஒரு திருத்தமும் போட்டால் நல்லது, சுழற்சங்க நண்பர்கள் எங்களைப் பார்த்துச் சிரிக்கிறார்கள்.

இப்படிக்கு,
சங்கத்தின் முன்னாள் பொருளாளர்களில் ஒருவர்