மெய்யம்மைக்கு, தேவகோட்டையிலிருந்து

உ
சிவமயம்

அன்புள்ள மெய்யம்மைக்கு அப்பச்சி எழுதிக்கொண்டது. இங்கே நலம். ஆத்தாவுக்கு முழங்கால் வலி பரவாயில்லை.

நீ அனுப்பிய ‘லெவல் ஃபைவ்’ படத்தை மூன்று ராத்திரியாகப் பார்த்து முடித்தேன். முதல் நாள் எனக்குப் பிடிபடவில்லை. ஒரு பெண் கணினி முன்னால் உட்கார்ந்து பேசிக்கொண்டே இருக்கிறாள். இறந்துபோனவன் அரைகுறையாக விட்ட விளையாட்டை முடிக்கப் பார்க்கிறாள் என்பது மறுநாள்தான் விளங்கியது. 1945-இல் ஜப்பானின் ஒகினாவாவில் அமெரிக்கப் படையோடு நடந்த சண்டைதான் விளையாட்டு. அவள் மாற்றி ஆடப் பார்த்தால் கணினி இடம் கொடுப்பதில்லை, நடந்தது நடந்தபடியே வருகிறது. 1997-இலேயே படத்தை எடுத்த பிரெஞ்சுக்காரர் கிறிஸ் மார்க்கர் இப்படி யோசித்திருக்கிறார்!

அதில் கின்ஜோ என்கிறவர் பேசுகிறார். எதிரி கையில் சிக்கக் கூடாதென்று ஒகினாவா பக்கத்துத் தோகாஷிகித் தீவில் குடும்பம் குடும்பமாகச் செத்தபோது அவருக்கு 16 வயது. பெற்ற தாயை அவரும் அண்ணனும் தங்கள் கையாலேயே கொன்றார்கள். அதோடு படத்தை நிறுத்திவிட்டு முகப்புத் திண்ணையில் போய் உட்கார்ந்தேன். எனக்கு என் தகப்பனார், உன் ஐயா, ஞாபகம் வந்துவிட்டது.

ரங்கூன் மொகல் தெருவில் ஒரு கடையில் ஐயா பெட்டியடிப் பையன். 1941 டிசம்பர் 23-ஆம் தேதி ஜப்பான்காரன் குண்டு விழுந்தபோது வயது 19. ப்ரோம் வரை ரயில், அப்புறம் தாங்கூப் கணவாய் வழியாக நடை. அந்தச் சமயத்தில் பர்மாவை விட்டு வந்த இந்தியர்கள் 4 லட்சத்துக்கும் மேல். வழியில் விழுந்தவர்களை யாரும் எண்ணி முடிக்கவில்லை. ஒகினாவாவில் 1995-இல் கல் நாட்டி, எந்த நாட்டவரென்று பாராமல் 2 லட்சத்து 40 ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெயர்களைப் பொறித்திருக்கிறார்கள். தாங்கூப் பாதையில் ஐயாவோடு நடந்த கூட்டாளியின் பெயர் இருப்பது ஐயாவுடைய அன்றாடக் கணக்குச் சிட்டையில் மட்டும்தான். பெயருக்கு நேரே ‘எலுமிச்சம்பழம், ஓரணா’. காலராவுக்கு வாங்கியது. அதற்குப் பிறகு நான்கு தாள் வெறுமை. சிட்டகாங் வந்ததும் கணக்கு மறுபடி தொடங்குகிறது. அரையணாவைக்கூட விடாத மனுஷர் அவர், மெய்யம்மை.

பொங்கலுக்குப் பொங்கல் ஐயா அந்தக் கூட்டாளியின் தாயாரைப் பார்க்கப் போவார். சின்ன வயசில் நானும் சைக்கிள் பின்னால் உட்கார்ந்து போயிருக்கிறேன். “எப்படிப் போனான்?” என்று அந்த அம்மா கேட்பார்கள். “தூக்கத்திலேயே ஆத்தா” என்பார் ஐயா. வருஷா வருஷம் அதே கேள்வி, அதே பதில். திரும்பி வரும்போது வழியெல்லாம் ஒரு வார்த்தை பேச மாட்டார்.

ஐயாவைப் பற்றி நீ எடுக்கும் படத்தில், அவருடைய ஒற்றைப் போட்டோவை வைத்துக் கணினியிலேயே அவரை நடக்கவும் பேசவும் விடப் போவதாக எழுதியிருக்கிறாய். கூட்டாளிக்கும் ஒரு முகம் செய்வதாகச் சொல்கிறாய். வேண்டாம் ஆத்தா. அந்த ராத்திரி என்ன நடந்ததென்று உன் கணினி ஏதாவது ஒன்றைச் சொல்லிவிடும். பார்ப்பதற்கு நிஜம் போலவும் இருக்கும். உன் பிள்ளைகள் அதையே நம்புவார்கள். பெற்ற தாய் கேட்டும் சொல்லாததை ஐயா வாயில் நாம் எப்படி வைப்பது?

படத்தை எடு, நிறுத்தச் சொல்லவில்லை. சிட்டையைக் காட்டு, ஓரணாவைக் காட்டு, வெறுந்தாளையும் புரட்டிக் காட்டு.

சிட்டையை நேற்று ஸ்கேன் எடுக்கக் கொண்டுபோனேன். வெறுந்தாள் வந்ததும் கடைப் பையன், “இதில் ஒன்றும் இல்லையே ஐயா, தள்ளிவிடலாமா?” என்றான். நான்கையும் எடுக்கச் சொன்னேன். செவ்வாய்க்கிழமை அனுப்புகிறேன்.

அப்பச்சி