ஆம்பளைத்தனம் பற்றிப் பேச வந்த எல்லோருக்கும் நன்றி

அன்புள்ள நண்பர்களே, அக்காமார்களே,

ஆண்களை நேசிக்கும் ஆண்களான நாம் போன ஞாயிறு சென்னையில் நடத்திய கூட்டம் நல்லபடியாக முடிந்தது. மொட்டைமாடியைக் கொடுத்தவருக்கும், நாற்காலி தூக்கிய தம்பிகளுக்கும், எல்லோருக்கும் தக்காளி சாதம் கிளறி அனுப்பிய நண்பரின் அம்மாவுக்கும் நன்றி.

பெரிய நன்றி கோத்தி அக்காமார்களுக்கு, அதாவது நம்மில் பெண்மைச் சாயலோடு நடந்து பேசுகிறவர்களுக்கு. "உன்னைப் பார்த்தா அப்படித் தெரியவே இல்லையே" என்பதைப் பாராட்டாக வாங்கிக்கொள்கிற ஆண்கள் நம்மிடையே உண்டு. டேட்டிங் ஆப்பில் 'ஆம்பளை மாதிரி இருப்பவர்கள் மட்டும்' என்று எழுதி வைப்பவர்களும் உண்டு. அன்று ஓர் அக்கா சொன்னார்: "உனக்கு மறைச்சுக்க வழி இருக்கு கண்ணு. என்னை என் நடையே காட்டிக் கொடுத்துடும். பஸ்ல 'ஒம்போது'ன்னு கூப்பிட்டதும் என்னைத்தான், பீச்சுல போலீஸ் விரட்டினதும் என்னைத்தான்." அப்புறம்தான் பேச்சு சூடு பிடித்தது.

பள்ளியில் கேலிக்குப் பயந்து குரலைக் கட்டையாக்கிக்கொண்ட மதுரை நண்பர், தன் பழைய குரலில் இரண்டு வாக்கியம் பேசிக் காட்டினார். அந்தத் துணிச்சலுக்கு என் தனிப்பட்ட நன்றி. 2018 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம், ஓரினச் சேர்க்கையைக் குற்றமாக்கிய சட்டப்பிரிவு 377-இன் பிடியிலிருந்து நம்மை விடுவித்தது. ஆனால் மென்மையான ஆணைப் பார்த்து முகம் சுளிப்பதை எந்தத் தீர்ப்பும் நிறுத்திவிடாது. அதிலும் நமக்குள்ளேயே இருக்கும் சுளிப்பை நாம்தான் பேசித் தீர்க்க வேண்டும்.

'ஆம்பளையாக்கித் தருகிறோம்' என்ற சிகிச்சையில் சிக்கி மீண்ட இருவரிடம் பொறுமையாகப் பேசிய உளவியல் ஆலோசகருக்கும் நன்றி. நீதியரசர் என். ஆனந்த் வெங்கடேஷை இங்கே நினைத்துக்கொள்கிறேன். இந்த விஷயம் தனக்கு முழுதாகப் புரியவில்லை என்று வெளிப்படையாகச் சொல்லி, ஓர் உளவியலாளரிடம் உட்கார்ந்து கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே, 2021 ஜூன் 7 அன்று சென்னை உயர் நீதிமன்றத்தில் அப்படிப்பட்ட சிகிச்சைகளுக்குத் தடை விதித்தார். நாற்காலியில் இருப்பவர் இப்படிக் கற்றுக்கொள்ள முன்வந்தது எனக்கு இன்றும் பெரிய விஷயம்.

2009 ஜூனில் சென்னையின் முதல் வானவில் பேரணியில் நடந்தவர்களுக்கும் நன்றி. 377 பற்றி நமக்குச் சாதகமாகத் தில்லி உயர் நீதிமன்றத்தின் முதல் தீர்ப்பு வருவதற்குச் சில நாட்கள் முன்பு, நம்மைக் குற்றவாளி என்று சட்டம் சொன்ன காலத்திலேயே தெருவில் இறங்கியவர்கள் அவர்கள்.

சரி, அடுத்த கூட்டத்துக்குப் பொட்டும் மையும் வைத்துக்கொண்டு வர நினைப்பவர்கள் வீட்டிலிருந்தே வைத்துக்கொண்டு வாருங்கள். பஸ் ஸ்டாப்பிலிருந்து உங்களோடு சேர்ந்து நடந்து வர, ஜிம் தம்பிகள் மூன்று பேர் தாங்களாகவே பெயர் கொடுத்திருக்கிறார்கள். அவர்களுக்கும் என் நன்றி.

அன்புடன்,
கூட்டத்தை ஒருங்கிணைத்தவன்