டிரம்மில் ஒட்டியிருக்கிற லேபிளைப் படம் எடு

செல்வம் கண்ணு,

உன் ரிப்போர்ட்டை அக்காவிடம் காட்டினேன். ஈரல் பாதிப்பைக் காட்டுகிற எஸ்.ஜி.பி.டி. அளவு 186 இருக்கிறது, சாதாரணமாக 40-ஐ ஒட்டி இருக்குமாம். அங்கே டாக்டர் குடிப்பாயா என்று மட்டும் கேட்டு மாத்திரை எழுதிவிட்டார் என்றாய். என்ன வேலை என்று அவரும் கேட்கவில்லை, நீயும் சொல்லவில்லை. அதுதான் எனக்கு மனசே ஆறவில்லை.

நீ நிற்பது ரெக்ஸின் கம்பெனி கோட்டிங் மிஷினில். துணிமேல் பூசுகிற பி.யூ. (பாலியூரித்தேன்) ரெசினைக் கரைக்க அங்கெல்லாம் பெரும்பாலும் டி.எம்.எஃப்., அதாவது டைமெத்தில் ஃபார்மமைடு ஊற்றுவார்களாம், லேசாக மீன் வாடை அடிக்கும் என்று நீயே சொன்னாய். அது ஈரலைத்தான் பிடிக்கும் என்கிறாள் அக்கா. சூட்டில் ஆவியாகி மூச்சில் போவது ஒரு பக்கம், தோல் வழியாகவும் உள்ளே ஏறிவிடும், நீயோ வெறுங்கையால் ரோலரைத் துடைக்கிறாய். பசி எடுக்காது, குமட்டும், மேல்வயிறு வலிக்கும், கொஞ்சம் பீர் குடித்தாலே முகம் குப்பென்று சிவந்துவிடும். மாமா வீட்டுக் கல்யாணத்தில் அரை கிளாஸுக்கே காது வரை சிவந்து உட்கார்ந்திருந்தாயே, நாங்கள் எல்லாரும் நீ நிறையக் குடித்துவிட்டாய் என்றுதான் நினைத்தோம்.

ஆம்பூரில் ஷூ கம்பெனியில் அப்பர், அதாவது ஷூவின் மேல்பாகம் ஒட்டுகிற லைனில் இருந்தவள் நான். ஒட்டுகிற சொலுஷன் டப்பாவைத் திறந்தாலே தலை கிறுகிறுக்கும், போகப் போகப் பழகிவிடும் என்பார்கள். வாடை பழகியது, தலைவலி போகவில்லை. தோல் தொழிற்சாலைக் கழிவால் பாலாறு கெட்டதுக்கு சுப்ரீம் கோர்ட் வரை போய் 1996-ல் தீர்ப்பு வாங்கின ஊர் நம்முடையது, ஆனால் ஷெட்டுக்குள் நாங்கள் இழுத்த காற்றைப் பற்றி யார் பேசினார்கள்?

நீ கட்டுகிற துணி மாஸ்க் ஆவியைத் தடுக்காது. அதற்கென்று ஃபில்டர் வைத்த மாஸ்க்கும் பியூட்டைல் ரப்பர் கையுறையும் கேள். விஷப் பொருளால் வரும் மஞ்சள் காமாலை வேலையால் வரும் நோய்கள் என்று சட்டம் சொல்கிற பட்டியலிலேயே உண்டு, அதனால் கேட்கத் தயங்காதே. பெரியம்மா கீழாநெல்லி அனுப்பட்டுமா என்கிறாள். அந்த மிஷினிலேயே நின்றுகொண்டு எதைக் குடித்து என்ன பிரயோஜனம்? அதை விட்டு விலகினால் பெரும்பாலும் ஈரல் தேறிவிடுமாம், முதலில் வேறு செக்‌ஷன் கேள். தரவில்லையென்றால் கிளம்பி வா, கடனை அப்பாவும் நானும் பார்த்துக்கொள்கிறோம்.

ரெசினைக் கரைக்க ஊற்றுகிற டிரம்மின் லேபிளைப் படம் எடுத்து அந்த டாக்டரிடம் காட்டு, மஞ்சள் காமாலை பி, சி டெஸ்டும் எடுக்கச் சொல். அக்காவுக்கும் ஒன்று அனுப்பு, இன்றைக்கே.

அம்மா