ஒரு நாள் பேரை விட்டுவிட்டு வருகிறவர்களுக்காக: எங்கள் ஊர் செய்தியறைக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள செய்தியறைத் தம்பி தங்கச்சிமாருக்கு,

உங்கள் நோட்டீஸை ஊரில் முதலில் வாசித்தவள் நானாகத்தான் இருப்பேன். இலங்கை மலையகத்தில், அட்டன் பக்கம் ஒரு சின்ன டவுனில் கொமினிகேசன் கடை வைத்திருக்கிறேன். போட்டோ கொப்பி, படிவம் நிரப்புவது, சத்தியக்கடதாசி டைப் பண்ணுவது, பிள்ளைகளுக்கு ஒன்லைனில் விண்ணப்பம் போட்டுக் கொடுப்பது, இதுதான் என் பிழைப்பு. போன வாரம் உங்கள் ஆள் ஒரு தம்பி நனைந்துகொண்டே வந்து 200 கொப்பி கேட்டார். மெஷின் ஓடும்போது வாசித்தேன். ஊர்ப் பிரச்சினைகளைப் பேச ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலை 9 மணியிலிருந்து மாலை 5 மணி வரை, டவுன் மண்டபத்தில் எல்லோரையும் கூப்பிடுகிறீர்கள். வீடு, சம்பளம், மண்சரிவு, படிப்பு, மொழி எல்லாம் தலைப்பில் இருக்கின்றன. சந்தோஷமாக இருந்தது. செய்தி எடுக்கிறவர்கள் எங்களைப் படம் பிடித்துக்கொண்டு போவார்கள், அது வழக்கம். உட்கார வைத்து ஒரு நாள் முழுக்கக் கேட்கிறோம் என்று சொன்னவர்களை நான் இந்தப் பக்கம் பார்த்ததில்லை.

அதனால்தான் எழுதுகிறேன். இது சரியாக நடக்க வேண்டும் என்று மனதார ஆசைப்படுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமைதானே, வேலை இல்லையே என்று நினைத்துத்தான் அந்த நாளை எடுத்திருப்பீர்கள். எங்கள் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து நன்றாக வரும் மாதங்களில் ஞாயிற்றுக்கிழமையும் கைக்காசுக்கு, அதாவது எடுத்த கிலோவுக்குக் கிடைக்கும் காசுக்கு, மலை ஏறுவார்கள். அன்றைக்குத்தான் கிழமைக்குச் சேர்ந்த உடுப்புத் துவைப்பு, விறகு, டவுனுக்கு வந்து சாமான் வாங்குவது எல்லாம். 2024 செப்டெம்பரில் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாய் என்று வர்த்தமானியில் வந்தது, 2026 வரவு செலவுத் திட்டத்தில் அதை 1,550 ஆக்கி, வேலைக்கு வந்த நாளுக்கு அரசாங்கம் 200 சேர்த்து 1,750 ஆகும் என்று அறிவித்தார்கள். அதுவும் நோம், அதாவது ஒரு நாளைக்கு எடுக்கச் சொன்ன கிலோக் கணக்கு, எடுத்தால்தான், இல்லாவிட்டால் அரை நாள் பேர். பேர் என்றால் எங்களுக்கு ஒரு நாள் வேலைக் கணக்கு, அதற்குத்தான் சம்பளம். அப்படி எண்ணி எண்ணி வாழ்கிற ஒரு அக்கா உங்கள் மண்டபத்துக்கு வருகிறார் என்றால், பஸ் காசும் கொடுத்து, கைக்காசையும் விட்டு, பிள்ளையைப் பக்கத்துக் காம்பராவில் ஒப்படைத்துவிட்டு வருகிறார். அவருடைய அந்த நாள் வீண் போகக்கூடாது. நான் சொல்ல வந்தது இந்த ஒன்றுதான், மற்றதெல்லாம் இதிலிருந்து வருவது.

சில வருடங்களுக்கு முன்னால் வேறு ஒரு அமைப்பு இதே மாதிரி ஒரு கூட்டம் வைத்தது. அம்மாவையும் எங்கள் லயத்தில், அதுதான் தோட்டத்து வரிசை வீடுகளில், இன்னும் நாலு பேரையும் நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். விளக்கேற்றி, வரவேற்புரை சொல்லி, பொன்னாடை போர்த்தி, தலைமையுரை முடியும்போது 12 மணி தாண்டிவிட்டது. சாப்பாட்டுக்குப் பிறகு மக்கள் பேசலாம் என்றார்கள். மைக் எங்கள் வரிசைக்கு வந்தபோது 3 மணி. எங்களோடு வந்த ஒரு பெரியம்மா எழுந்து, எங்கள் ரோட்டில் அம்புலன்ஸ் வராது, என் மருமகளை நாலு பேர் தூக்கிக்கொண்டு இறங்கினோம் என்று ஆரம்பித்தார். சுருக்கமாகச் சொல்லுங்கம்மா, நேரமில்லை என்று மேடையிலிருந்து ஒருவர் சொன்னார். பெரியம்மா உட்கார்ந்துவிட்டார். அதற்குப் பிறகு எந்தக் கூட்டத்துக்குக் கூப்பிட்டாலும் அவர் வருவதில்லை. உங்கள் நோட்டீஸையும் காட்டினேன், நீ போயிட்டு வா பிள்ளை என்றார்.

அந்த ரோட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் எங்கள் பிரச்சினைகளில் பாதி அந்த ரோட்டு மாதிரித்தான். தோட்டத்துக் கந்தோரில் கேட்டால் பிரதேச சபையில் கேள் என்பார்கள். பிரதேச சபையில் கேட்டால் அது தோட்டத்து ரோட்டு என்பார்கள். 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டம் தோட்டங்களுக்குள் சபையின் பணத்தைச் செலவழிக்க விடவில்லை, அதனால் அப்போது அந்தப் பதிலில் நியாயம் இருந்தது. 2018இல் சட்டத்தைத் திருத்திவிட்டார்கள், இப்போது தோட்டக் குடியிருப்புகளுக்கும் சபை செலவழிக்கலாம். எங்கள் பக்கம் சபைகளே கூடிவிட்டன, ஒன்றாக இருந்த அம்பகமுவ சபை, அம்பகமுவ, மஸ்கெலியா, நோர்வூட் என்று மூன்றாகப் பிரிந்தது. ஆனால் கந்தோர் வாசலில் சொல்லும் பதில் மட்டும் மாறவில்லை. 1992இல் தோட்ட நிர்வாகம் கம்பனிகளின் கைக்குப் போனது, நிலம் அரசாங்கத்தினுடையது, அதில் குத்தகை, அதற்குள் லயம், லயத்துக்குப் பக்கத்தில் ரோட்டு. இதில் எந்த இடத்தில் யார் பொறுப்பு என்று ஒரு பேப்பரில் படம் போட்டு யாராவது எங்களுக்குக் காட்டினால் போதும், நாங்கள் சரியான வாசலில் போய் நிற்போம். அதை உங்களை மாதிரி செய்தி எடுக்கிறவர்களால்தான் செய்ய முடியும். சபையிலிருந்து ஒருவரையும் தோட்டத்திலிருந்து ஒருவரையும் ஒரே மேசையில் உட்கார வைத்து, இந்த ரோட்டு யாருடையது என்று மட்டும் கேளுங்கள். ஒரு மணி நேரம் எடுத்தாலும் பரவாயில்லை, பதில் வரும்வரை அடுத்த தலைப்புக்குப் போக வேண்டாம்.

என் கடைக்கு வருகிறவர்கள் பிரச்சினை என்று சொல்லி வருவதில்லை. ஒரு கடதாசியைக் கொண்டு வருவார்கள். பிறப்புச் சான்றிதழில் சிங்களத்தில் பெயர் ஒரு மாதிரி, அடையாள அட்டையில் வேறு மாதிரி, தோட்டத்துச் செக்ரோலில், அதுதான் வேலைக்கு வந்த நாள் எழுதும் பதிவில், இன்னொரு மாதிரி. ராமாயி, ராமாய், ரமயி, மூன்றும் ஒரே ஆள்தான். முப்பது வருஷம் கொழுந்து எடுத்து, சம்பளத்தில் 8 வீதம் பிடித்து, தோட்டம் 12 வீதம் போட்டு, 50 வயதில் ஈ.பி.எப். என்ற சேமலாப நிதியை எடுக்கலாம் என்று போனால் இந்தப் பெயர் சிக்கலில் மாதக்கணக்காக அலைய வேண்டும். மூன்று பெயரும் நான்தான் என்று சத்தியக்கடதாசி எழுதிச் சமாதான நீதவானிடம் கையெழுத்து வாங்கி, கிராம சேவகரிடம் போய், பிறகு பிரதேச செயலகம். ஒவ்வொரு முறையும் ஒரு நாள் பேர் போகிறது. எந்த வீட்டிலும் இது நடக்கும், ஆனால் ஒரு பேப்பரிலும் வருவதில்லை, ஏனென்றால் படம் எடுக்க அதில் ஒன்றுமில்லை.

அப்புறம் முகவரி. எங்கள் லயத்துக்கு இலக்கம் கிடையாது. தோட்டத்தின் பெயர், டிவிசன், டவுன், அவ்வளவுதான். கடிதம் தோட்டத்துக் கந்தோருக்குப் போகும், அங்கிருந்து யாராவது கொண்டு வந்தால் உண்டு. என் தம்பிக்கு வேலைக்கான நேர்முகப் பரீட்சைக் கடிதம் வந்து சேர்ந்தது, பரீட்சைத் திகதி முடிந்து ஒன்பதாவது நாள். அவன் அதை மடித்துப் பெட்டிக்குள் வைத்துவிட்டுக் கொழும்புக்குப் போய்விட்டான், இப்போது ஒரு சாப்பாட்டுக் கடையில் நிற்கிறான். படிப்பு என்ற தலைப்பின் கீழ் இதையும் கேட்பீர்களா?

மண்சரிவைப் பற்றிச் சொல்லும்போது எனக்கு இன்னும் கை நடுங்குகிறது. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்த அந்த இரவுகளில் கரண்ட் இல்லை, சிக்னல் விட்டு விட்டு வந்தது. என் போனுக்கு ஒருவர் அனுப்பிய எச்சரிக்கை சிங்களத்தில் மட்டும் இருந்தது. எனக்கு வாசிக்கத் தெரியும் என்பதால் லயத்தில் கதவு கதவாகத் தட்டிச் சொன்னேன். தெரியாதவர்கள் இருந்த லயங்களில் யார் தட்டியிருப்பார்கள் என்று பிறகு பல இரவு நினைத்திருக்கிறேன். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி மீரியபெத்தைத் தோட்டத்து லயங்கள் மேல் மண் இறங்கியபோதும், அந்த இடம் ஆபத்தானது என்று வருஷக்கணக்காக எச்சரித்திருந்தார்களே என்ற பேச்சு பிறகுதான் வெளியே வந்தது. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று மூன்று நிலை சொல்கிறது. சிவப்பு என்றால் உடனே வெளியேற வேண்டும். சரி, வெளியேறி எங்கே போவது? எந்தப் பள்ளிக்கூடம், எந்தக் கோயில், சாவி யாரிடம்? உங்கள் சந்திப்பில் அந்த நிறுவனத்திலிருந்து ஒருவர் வந்து தமிழில், எங்கள் மலைகளின் பெயரைச் சொல்லி, இந்த மண்மேடு ஆபத்து, இந்தத் தண்ணீர்க் கான் அடைத்திருக்கிறது என்று பேசினால் அந்த ஒன்றுக்காகவே நான் கடையைப் பூட்டிவிட்டு வருவேன். வீடு முழுதாகப் போனவர்களுக்கு 50 லட்சம் ரூபாய் வரை தருவதாக அரசாங்கம் அறிவித்ததே, காணி உறுதி இல்லாத லயத்துக் காம்பராவில் இருந்தவர்கள் அதில் எந்த வரிசையில் நிற்கிறார்கள் என்றும் நேரடியாகக் கேளுங்கள். என்னிடம் வந்து கேட்கிறார்கள், எனக்குப் பதில் சொல்ல முடியவில்லை.

இன்னொன்று, தங்கச்சிமாருக்குத் தனியாகச் சொல்ல வேண்டியது. கொழுந்து எடுப்பவர்கள் பெரும்பாலும் பெண்கள், வேலை வாங்கும் கங்காணியும் கணக்குப்பிள்ளையும் தொழிற்சங்கத் தலைவரும் பெரும்பாலும் ஆண்கள். தலைவர் முன்வரிசையில் இருக்கும்போது, மலையில் எங்களுக்குக் கக்கூஸ் இல்லை, அதனால் காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் வேலை செய்கிறோம் என்று எந்தப் பெண் மைக்கில் சொல்வார்? பெண்கள் மட்டும் உட்கார ஒரு அறை வேண்டும், அதில் நீங்கள், பெண் பிள்ளைகள்தான் எழுத வேண்டும், கமெரா வேண்டாம். பெயர் போட வேண்டாம் என்றால் போடாதீர்கள், பெயர் போட்டால் அடுத்த நாள் எந்த மலைக்கு அனுப்புவார்கள் என்று அவர்களுக்குத் தெரியும். கைக்குழந்தையோடு வருகிறவர்களுக்குப் பக்கத்தில் ஒரு பிள்ளைக் காம்பராவும் வையுங்கள்.

தோட்டத் தொழிலாளர்களுக்குச் சங்கம் அமைத்த பத்திரிகைக்காரர் கோ. நடேசய்யரைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வெளியாட்கள் தோட்டத்துக்குள் கால் வைக்க முடியாத காலத்தில் புடவை வியாபாரி வேஷத்தில் லயங்களுக்குப் போய்ப் பார்த்தார், பார்த்ததைப் பிறகு அச்சில் போட்டார். அவர் மனைவி மீனாட்சியம்மாள் தோட்டம் தோட்டமாகப் போய்ப் பாடினார், அந்தப் பாட்டைக் கேட்கத்தான் சனம் முதலில் கூடியது. நூறு வருஷத்துக்கு முன்னால் அவர்கள் மலை ஏறி வந்தார்கள் என்பதை நினைக்கும்போது, டவுன் மண்டபத்தில் ஒரு பாதி, ஏதாவது ஒரு தோட்டத்துக் கோயில் முற்றத்தில் இன்னொரு பாதி என்று பிரித்து வைக்க உங்களால் முடியும் என்று நம்புகிறேன். மண்டபம்தான் என்றால் பஸ் பிடித்துக் கொடுங்கள், 3 மணிக்கே முடியுங்கள். 5 மணிக்கு முடிந்தால் மேல் டிவிசன்காரர்களுக்கு வீட்டுக்குப் போக வண்டி இருக்காது.

நோட்டீஸ் தமிழில் மட்டும் இருந்தது. டவுனைச் சுற்றியிருக்கும் சிங்களக் கிராமத்து ஆட்களும் என் கடைக்கு வருகிறார்கள், அவர்களுடைய தோட்டமும் மரக்கறிப் பாத்தியும் அதே மழையில்தான் போனது, பஸ் அவர்களுக்கும் வருவதில்லை. அவர்களையும் கூப்பிடுங்கள், இரண்டு பாஷையும் தெரிந்த ஒருவரை நடுவில் உட்கார வையுங்கள். சிங்களத்தில் நோட்டீஸ் எழுதித் தர நான் இருக்கிறேன்.

கடைசியாக, கூட்டம் முடிந்த பிறகு என்ன? தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2016இல் வந்தது, 2017 பெப்ரவரியிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. எழுதத் தெரியாதவர் வாயால் கேட்டாலும் தகவல் அதிகாரி அதை எழுதி எடுக்க வேண்டும், கொடுப்பதா இல்லையா என்று 14 வேலை நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும் என்று அந்தச் சட்டத்தில் இருக்கிறது. எங்கள் சனத்தில் முக்கால்வாசிப் பேருக்கு இது தெரியாது. அன்றைக்கு வருகிறவர்களின் கேள்விகளை அந்த இடத்திலேயே விண்ணப்பமாக எழுதிக் கையெழுத்து வாங்கி, திங்கட்கிழமை காலையில் கந்தோர்களில் கொண்டுபோய்க் கொடுப்போம். தோட்டத்து முகவரிக்குப் பதில் வந்தால் என் தம்பியின் கடிதம் மாதிரித்தான் ஆகும், அதனால் பதில் வர வேண்டிய முகவரியாக என் கடையைப் போடுங்கள். எந்தக் கேள்விக்குப் பதில் வந்தது, எதற்கு வரவில்லை என்று மூன்று மாதம் கழித்து நீங்கள் திரும்பி வந்து அதே ஆட்களிடம் சொல்ல வேண்டும். வருவீர்களா என்பதை நோட்டீஸிலேயே திகதியோடு போட்டுவிடுங்கள்.

திருத்திய நோட்டீஸை 9ஆம் திகதிக்கு முன் அனுப்புங்கள். 10ஆம் திகதி சம்பள நாள், எல்லாத் தோட்டத்து ஆட்களும் டவுனுக்கு இறங்குவார்கள், கடை வாசலில் நின்று நானே கையில் கொடுக்கிறேன். கொப்பிக்குக் காசு வேண்டாம். பெரியம்மாவிடம் மட்டும் நீங்கள் ஒருமுறை நேரில் வந்து கேளுங்கள், முதலில் அவர்தான் பேசுவார், நேரம் பார்க்க மாட்டோம் என்று சொல்லுங்கள். வழி நான் காட்டுகிறேன், ஆனால் கடைசி ஒரு மைல் நடக்க வேண்டும்.

இப்படிக்கு,
கொமினிகேசன் கடை அக்கா