வாசலோடு நின்றுவிடாத வரவேற்பு

ரோஸ் ஹில், மொரீஷியஸ்

அன்புத் தோழிக்கு,

உன் கடிதம் போன வாரம் கைக்கு வந்தது. ஓய்வு பெற்ற பிறகு முழங்காலுக்குத் தைலம் தேய்ப்பதே முழுநேர உத்தியோகமாகிவிட்டது என்று நீ எழுதியிருந்ததைப் படித்துச் சிரித்துக்கொண்டே பக்கத்தைத் திருப்பினேன்; திருப்பிய பக்கத்தில் உன் பேத்தியைப் பற்றிய செய்தி இருந்தது. விளையாட்டுப் பள்ளியில் சேர்த்த முதல் நாளே உன் மருமகளைக் கேட்டுக்கு வெளியே நிறுத்திவிட்டுக் குழந்தையையும் பையையும் மட்டும் வாங்கிக்கொண்டார்கள் என்றும், ஒரு வாரம் தொண்டை கட்டும்வரை அழுத குழந்தை இப்போது அழுவதே இல்லை என்றும், ‘நன்றாகப் பழகிவிட்டாள், நீங்கள்தான் வீணாகக் கவலைப்படுகிறீர்கள்’ என்று ஆசிரியை சொல்கிறார் என்றும் எழுதியிருக்கிறாய். கூடவே, வீட்டுக்கு வந்தால் அவள் யார் மடியிலும் உட்காராமல், மூலையில் தன் செருப்பை மாட்டுவதும் கழற்றுவதுமாகவே இருக்கிறாள் என்றும் எழுதியிருக்கிறாய். ஊர்ப் பிள்ளைகளையெல்லாம் அங்கன்வாடியில் வளர்த்துவிட்ட உனக்கே சொந்தப் பேத்தி விஷயத்தில் கை நடுங்குகிறது என்பது எனக்குப் புரிகிறது.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அழுகை நின்றுவிட்டது என்பதை மட்டும் வைத்துக் குழந்தை பழகிவிட்டது என்று முடிவு கட்டாதே. பழகிய குழந்தை ஆசிரியையிடம் ஓடும், அடுத்த குழந்தையின் பொம்மையைப் பிடுங்கும், விழுந்தால் அழுது யாரையாவது தேடும். எதையும் கேட்காமல், யாரையும் தேடாமல் உட்கார்ந்திருக்கும் குழந்தையின் அமைதி வேறு வகையைச் சேர்ந்தது.

தாய்க்கும் சேய்க்குமான பிணைப்பை ஆராய்ந்த ஜான் பௌல்பியின் பெயரைக் கல்லூரியில் தேர்வுக்காக மனப்பாடம் செய்தோமே, அவரோடு லண்டனில் பணியாற்றிய ஜேம்ஸ் ராபர்ட்சனைப் பற்றி எவரும் நமக்குச் சொல்லித்தரவில்லை. அந்தக் காலத்தில் இங்கிலாந்து மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்ட குழந்தைகளைப் பெற்றோர் பார்ப்பதற்குக் கடுமையான கட்டுப்பாடு இருந்தது. அம்மா வந்து போனால் குழந்தை அழுகிறது, வராவிட்டால் அமைதியாக இருக்கிறது, ஆகவே அம்மா வராமல் இருப்பதே நல்லது என்பது அங்கிருந்தவர்களின் கணக்கு. எட்டு நாள் மருத்துவமனையில் தங்கிய இரண்டு வயதுச் சிறுமி ஒருத்தியின் முகத்தை நாள்தோறும் படம் பிடித்து, 1952இல் அதை மருத்துவர்களுக்கு ராபர்ட்சன் திரையிட்டுக் காட்டினார். குழந்தை முதலில் எதிர்த்து அழும், பிறகு நம்பிக்கையிழந்து ஓய்ந்துபோகும், அதன் பிறகு எவரோடும் ஒட்டாமல் விலகிக்கொள்ளும் என்று அவர் மூன்று நிலைகளைப் பிரித்துச் சொன்னபோது பல மருத்துவர்கள் கோபப்பட்டார்களே தவிர, உடனே ஏற்றுக்கொள்ளவில்லை. ஆனாலும் 1959இல், மருத்துவமனையில் குழந்தைகளின் நலனை ஆராய்ந்த பிளாட் குழுவின் அறிக்கை, பெற்றோர் தடையின்றி வந்து போகவும், சிறு குழந்தையோடு தாய் தங்கவும் வழி செய்ய வேண்டும் என்று பரிந்துரைத்தது. மருத்துவமனைகள் அரைநூற்றாண்டுக்கு முன்பே கைவிடத் தொடங்கிய அந்தக் கணக்கை மழலையர் பள்ளிகள் இன்னும் போட்டுக்கொண்டிருப்பதுதான் எனக்கு வியப்பாக இருக்கிறது.

உன்னைப் பயமுறுத்துவதற்காக இதை எழுதவில்லை. காலையில் போய் மதியம் வீடு திரும்பும் குழந்தையின் பிரிவும், எட்டு நாள் மருத்துவமனைப் பிரிவும் ஒன்றல்ல; உன் பேத்திக்கு வீட்டில் நீயும் இருக்கிறாய், அம்மாவும் இருக்கிறாள். இப்போது திருத்தினாலும் எளிதில் திருந்தும்.

ஜெர்மனியில் 1980களில் உருவான ‘பெர்லின் முறை’ என்று ஒன்றை எங்கள் மழலையர் பள்ளியில் எங்களுக்குத் தோதாக மாற்றிக் கடைப்பிடிக்கிறோம். முதல் மூன்று நாள் தாயோ தந்தையோ குழந்தையோடு வகுப்பறைக்குள்ளேயே ஒரு மணி நேரம்போல இருந்துவிட்டு, குழந்தையை அழைத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட வேண்டும். அந்த நாட்களில் பிரித்துப் பார்க்கும் பேச்சே கிடையாது. நான்காம் நாள், ‘அம்மா வெளியே போய்விட்டு வருகிறேன்’ என்று குழந்தையின் முகத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டுச் சில நிமிடங்கள் வெளியே நிற்க வேண்டும். அழுத குழந்தையை ஆசிரியையால் தேற்ற முடிந்தால் அடுத்தடுத்த நாட்களில் நேரத்தைக் கூட்டலாம். தேற்ற முடியாவிட்டால் அம்மா உடனே உள்ளே வர வேண்டும், அந்தக் குழந்தைக்கு இரண்டு மூன்று வாரம்கூட ஆகலாம். யாரிடம் ஆறுதல் கிடைக்கிறது என்பதைத்தான் இந்த முறை பார்க்கிறது. அழுகிறதா இல்லையா என்பதை அல்ல. குழந்தை பொம்மையைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது பின்பக்கமாக நழுவிப் போவது மட்டும் கூடவே கூடாது. நழுவிப் போன அம்மா எந்த நேரத்திலும் மறைந்துவிடுவாள் என்று குழந்தை கற்றுக்கொண்டு, அதற்குப் பிறகு கழிப்பறைக்குப் போகவும் அம்மாவை விடாது.

இதற்குப் பணம் அதிகம் வேண்டாம், நாற்காலிதான் வேண்டும். சிரிக்காதே. மழலையர் பள்ளியில் எல்லா இருக்கையும் முழங்கால் உயரத்தில்தான் இருக்கும். உன்னைப் போன்ற ஒரு பாட்டி அதில் உட்கார்ந்தால் எழுப்பிவிட இருவர் தேவைப்படுவார்கள். பெரியவர் உட்கார இடமில்லாத அறையில், ‘தாராளமாக வாருங்கள்’ என்று வாயால் சொல்வதில் பொருளில்லை. சன்னலோரம் கைப்பிடி வைத்த நாற்காலிகளைப் போட்ட பிறகுதான் தாத்தா பாட்டிகள் எங்கள் பள்ளிக்குள் வந்து உட்காரத் தொடங்கினார்கள்.

அப்படி வந்தவர்களில் ஒரு பாட்டி, சும்மா உட்கார்ந்திருக்க மனமில்லாமல், வீட்டிலிருந்து முருங்கைக் கொத்து ஒன்றைக் கொண்டுவந்து மடியில் தட்டை வைத்துக் கீரை உருவ ஆரம்பித்தார். பேரன் அவருடைய முந்தானையை இறுகப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றான். இன்னொரு சிறுமி அருகில் வந்து அது என்ன என்று எங்கள் தீவின் பேச்சுமொழியான கிரியோலில் கேட்டாள். பாட்டி பதில் சொல்வதற்குள் பேரன் ஒரு காம்பை எடுத்து, நுனியைப் பிடித்து இலைகளை ஒரே இழுப்பில் உருவிக் காட்டினான். அவன் முந்தானையை விட்டது அப்போதுதான். சற்று நேரத்தில் தட்டைச் சுற்றி ஒரு கூட்டமே கூடிவிட்டது, தரையெங்கும் இலை. கூட்டுவதற்கு வந்த ஆயா முணுமுணுத்தது உண்மைதான். ஆனால் பேரன் பழகிய பிறகும் அந்தப் பாட்டி வந்துகொண்டிருந்தார், மற்றப் பிள்ளைகள் அவரைத் தங்கள் பாட்டியாகவே எடுத்துக்கொண்டார்கள்.

மொழி விஷயத்தில் எங்கள் தீவின் சங்கடம் உனக்குத் தெரியும். வீட்டில் கிரியோல், மரியாதைக்குப் பிரெஞ்சு, பாடப்புத்தகத்துக்கு ஆங்கிலம், கோவிலுக்குத் தமிழ். 2012இல் கிரியோல் தொடக்கப் பள்ளிகளில் விருப்பப் பாடமாக வந்துவிட்டபோதிலும், சேர்க்கைப் படிவத்தைக் கையில் வாங்கும் அம்மா, தனக்குப் பிரெஞ்சு சரியாக வராது என்று கிரியோலில் மன்னிப்புக் கேட்டுக்கொண்டுதான் பேச்சைத் தொடங்குகிறாள். எழுதப் படிக்கக் கூச்சப்படுகிறவள் மறுநாள் வாசலோடு திரும்பிவிடுவாள். தன் குழந்தைக்கு வேர்க்கடலை ஒத்துக்கொள்ளாது என்பதைக்கூடச் சொல்லாமல் போய்விடுவாள். ஆகவே படிவத்தை நாங்களே கேட்டு எழுதிக்கொள்கிறோம், கிரியோலிலேயே கேட்கிறோம். குழந்தை எதைக் கட்டிக்கொண்டு தூங்கும், சிறுநீர் கழிக்க வேண்டும் என்பதை வீட்டில் எந்தச் சொல்லால் சொல்லும், யாருக்குப் பயப்படும் என்பவையே முதல் கேள்விகள். மூன்று வயதிலேயே தமிழ் எழுத்து கற்றுத்தர வேண்டும் என்று நம்மவர்களில் சிலர் வற்புறுத்துகிறார்கள். பாட்டும் கதையும் அத்தை மாமா என்ற உறவுச் சொற்களும் அந்த வயதுக்குப் போதும் என்று நான் சொன்னால், ‘தமிழாசிரியையே இப்படிச் சொல்லலாமா’ என்று கோவில் மண்டபத்தில் என்னைப் பிடித்துக்கொள்கிறார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும்.

வேலைக்குப் போகும் பெற்றோரின் நிலைதான் எனக்கு விடை தெரியாத பகுதி. 2024 ஜனவரி முதல் இங்கே மழலையர் பள்ளிக் கல்வி இலவசமாகிவிட்டது, பெரிய ஆறுதல். ஆனால் நேரத்தை யார் இலவசமாகத் தருவது? கடற்கரை ஓட்டலில் முறை மாற்றி வேலை பார்க்கும் தந்தையும், எபேனில் அழைப்பு மையத்தில் இரவு வேலை பார்க்கும் தாயும் மூன்று நாள் வகுப்பில் வந்து உட்கார விடுப்புக்கு எங்கே போவார்கள்? மகப்பேற்று விடுப்பு பதினான்கு வாரத்திலிருந்து பதினாறாக உயர்ந்திருக்கிறது, தந்தைக்கும் நான்கு வாரம் கிடைக்கிறது. உங்கள் நாட்டில் 2017 சட்டத் திருத்தத்தால் கிடைத்த இருபத்தாறு வாரத்தோடும், ஐம்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்ற விதியோடும் ஒப்பிட்டால் இது குறைவுதான். ஆனால் அந்தச் சட்டம் சம்பளப் பட்டியலில் பெயர் உள்ள பெண்ணுக்குத்தான். வயலிலும் வீட்டு வேலையிலும் இருப்பவளுக்கு அது எட்டாக்கனி என்று நீதானே எனக்கு முன்பு எழுதியிருந்தாய். எங்களால் முடிந்தது, பெற்றோர் கூட்டத்தைச் செவ்வாய் காலை பத்து மணிக்கு வைப்பதை விட்டுவிட்டு, அவரவர் குழந்தையை அழைக்க வரும்போது ஐந்து நிமிடம் பேசுவது. பெற்றோரால் வர முடியாவிட்டால் குழந்தையை வழக்கமாகப் பார்த்துக்கொள்ளும் பக்கத்து வீட்டு அக்காவே வந்து உட்காரட்டும் என்கிறோம். குடும்பம் என்பதை நாங்கள் குடும்ப அட்டையைப் பார்த்து முடிவு செய்வதில்லை.

இதில் உன் அங்கன்வாடியை நினைத்து எனக்குப் பொறாமைதான். 1975 அக்டோபர் 2ஆம் நாள் முப்பத்து மூன்று வட்டாரங்களில் தொடங்கிய அந்தத் திட்டத்தில், கர்ப்பிணியும் பாலூட்டும் தாயும் தவழும் குழந்தையும் நான்கு வயதுக் குழந்தையும் ஒரே கூரையின்கீழ் வந்து போனார்கள். எடை பார்க்க, தடுப்பூசி போட, சத்துமாவு வாங்க என்று தாய்க்கு உள்ளே வர நூறு காரணம் இருந்தது. முன்பள்ளியில் பிள்ளையை விடும் நாளில் அந்த அறை அவளுக்கும் புதிதில்லை, பிள்ளைக்கும் புதிதில்லை. கட்டடம் ஒழுகியது, பதிவேடுகள் உன் உயிரை வாங்கின என்பதெல்லாம் எனக்குத் தெரியும். ஆனாலும் வண்ணச் சுவரும் குளிர்சாதனமும் வைத்துக்கொண்டு கேட்டைப் பூட்டும் பள்ளிகளுக்குக் கிடைக்காத ஒன்று அங்கே திட்டத்தின் அமைப்பிலேயே இருந்தது. எங்கள் நாட்டில் மூன்று வயது வரைக்குமான காப்பகம் ஓர் அமைச்சகத்தின் பொறுப்பு, அதற்கு மேல் மழலையர் பள்ளி கல்வி அமைச்சகத்தின் பொறுப்பு, தடுப்பூசி சுகாதார அமைச்சகத்தின் பொறுப்பு. இரண்டு வயதிலும் நான்கு வயதிலும் பிள்ளை வைத்திருக்கும் தாய் காலையில் இரண்டு வாசல்களில் நின்று இரண்டு பேரிடம் ஒரே கதையைச் சொல்கிறாள்.

எங்களுக்குப் பள்ளியாண்டு ஜனவரியில் தொடங்குகிறது, அதுவோ சூறாவளிக் காலம். எச்சரிக்கை வந்தால் பள்ளியை மூடிவிடுவார்கள். அது ஓய்வதற்குள் தைப்பூசக் காவடி, அடிமை ஒழிப்பு நாள், சீனப் புத்தாண்டு, மகா சிவராத்திரி என்று விடுமுறைகள் வரிசையாக வந்துவிடும். பாதி பழகிய குழந்தை ஒவ்வொரு விடுமுறைக்குப் பிறகும் ஏறிய படிகளில் பாதியை இறங்கிவிட்டுத்தான் மறுபடி ஏறுகிறது. அதனால் பிப்ரவரி முடியும்வரை எந்தக் குழந்தையைப் பற்றியும் ‘பழகவில்லை’ என்று எழுதக் கூடாது என்று ஆசிரியைகளிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

இனி உன் பேத்தியின் விஷயம். சண்டை போடாதே, உன் மகன் போனால் சண்டையாகிவிடும், மருமகளையும் உன்னையும் மட்டும் போகச் சொல். இன்ன ஆசிரியைதான் தினமும் அவளை வாசலில் வந்து வாங்க வேண்டும் என்று ஒருவரைக் குறித்துத் தரச் சொல்லிக் கேளுங்கள். ஆள் மாறிக்கொண்டே இருந்தால் யாரிடமும் ஒட்ட முடியாது. ஒரு வாரம் காலையில் கால் மணி நேரமாவது நீ உள்ளே உட்கார அனுமதி கேள், நீ யார் என்ன வேலை பார்த்தாய் என்பதையும் கூச்சப்படாமல் சொல். அம்மாவின் பழைய துப்பட்டாவில் ஒரு துண்டை, துவைக்காமல், பையில் வைத்து அனுப்பு. கைபேசியில் கேமரா காட்டுகிறோம், அது போதாதா என்று கேட்பார்கள். கேமரா உன் மருமகளின் மனத்துக்கு, குழந்தைக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. எதற்கும் இணங்காவிட்டால் தயங்காமல் பள்ளியை மாற்றிவிடு, கட்டிய பணம் போனால் போகட்டும். உங்கள் தெருக்கோடி அங்கன்வாடியில் இடம் இருந்தால் அதையும் ஒரு முறை போய்ப் பார். கௌரவக் குறைச்சல் என்று உன் மகன் சொன்னால், அவன் சத்துமாவு உருண்டை தின்று வளர்ந்தவன் என்பதை நினைவூட்டு.

வீட்டில் அனைவரும் நலம். சின்னவளுக்குத் தைப்பூசம் முடிந்ததும் பிரசவம். நான்தான் போய் இருக்க வேண்டும், ஆகவே இந்த ஆண்டு சென்னைக்கு வர இயலாது. பதில் எழுதும்போது உங்கள் மையத்தில் சத்துமாவுக்குத் தானியங்களை என்ன அளவில் கலந்தீர்கள் என்பதை மறக்காமல் எழுதி அனுப்பு, இங்குள்ள தாய்மார்கள் கேட்கிறார்கள். கேழ்வரகு இங்கே எளிதாகக் கிடைப்பதில்லை, அதற்குப் பதில் எதைச் சேர்க்கலாம் என்பதையும் சொல். பேத்தி ஆசிரியையிடம் எப்போது முதன்முதலாக அடம் பிடிக்கிறாளோ, அன்றே எனக்குத் தெரிவி.

அன்புடன்,
விடுதியில் உன் அறையைப் பங்கிட்டுக்கொண்டவள்